கரையில்லாத உறுப்பினர்

தாமரைக்குளத்தில் தேர்தல் முடிந்தது. வடகரையின் உறுப்பினராகத் தவளையும், தென்கரையின் உறுப்பினராக நண்டும் வந்தார்கள். இரண்டு கரையும் சேர்ந்து வாக்களித்ததில் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை குளத்தின் பொது உறுப்பினர் ஆனது.

வென்ற மகிழ்ச்சியைவிட அதற்குச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. “எனக்கு எந்தக் கரை?” என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டது.

“கரையே இல்லாத உறுப்பினரா? சும்மா பேருக்குத்தான் பதவி!” என்று நண்டு கொடுக்கைத் தட்டிச் சிரித்தது.

முக்குளிப்பான் விடுகிற ஆள் இல்லை. வடகரையில் முங்கித் தென்கரையில் எழுந்து, தன் எல்லை எது என்று தேடிக்கொண்டே இருந்தது.

கோடை வந்தது. குளம் வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. மீன்குஞ்சுகள் அத்தனையும் அதில்தான் கிடந்தன.

தவளை முக்குளிப்பானிடம் தத்தித் தத்தி வந்தது. “என் கரை காய்ஞ்சு போச்சு! பள்ளத்துல இருந்து வடக்கே வாய்க்கால் வெட்டு. உன்னை ஜெயிக்க வச்சதே நாங்கதான்!”

“அதெப்படி? தெற்கேதான் வெட்டணும்!” என்று நண்டு பாய்ந்தது. “இல்லேன்னா அடுத்த தடவை எங்க கரையில உனக்கு ஒரு ஓட்டு விழாது!”

முக்குளிப்பானுக்குப் பகீரென்றது. கிடைத்த பதவி போய்விடுமே! ஆனாலும் பள்ளத்தின் ஆழம் என்ன என்று முங்கிப் பார்த்தது. முங்கியதும் அலகு சேற்றில் குத்தியது.

“ரெண்டு பேரும் இதைப் பாருங்க!” என்று வடக்கே ஒரு கோடும் தெற்கே ஒரு கோடும் காலால் கீறியது. தண்ணீர் ஓடியது. ஒரு சாண் போவதற்குள் வெந்த மண் அதைக் குடித்துவிட்டது. ஓரத்தில் ஒரு மீன்குஞ்சு தரைதட்டித் துடித்தது. வேறு நாளாக இருந்தால் முக்குளிப்பான் அதை விழுங்கியிருக்கும். அன்று மெல்ல உள்ளே தள்ளிவிட்டுக் கோடுகளை அடைத்தது.

“தண்ணி உங்க கரைக்கு வந்து சேராது. நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு தண்ணிக்கு வாங்க!”

“நான் நண்டு பக்கத்துலயா?” என்று தவளை முகம் சுளித்தது.

“முதல்ல உயிர் பிழைப்போம். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்!”

வேறு வழியில்லாமல் இரண்டு கரைக்காரர்களும் பள்ளத்துக்கு இறங்கி வந்தார்கள். மழை வரும்வரை நெருக்கியடித்துக்கொண்டு பிழைத்தார்கள்.

குளம் நிரம்பிய அன்று நண்டு கேட்டது: “ஆமா, உன் கரை எதுன்னு கடைசியில கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன்! நீயும் தவளையும் ஒண்ணா உட்கார்ந்திருந்தீங்களே, அந்த இடம்தான்!”

எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த உறுப்பினர் எல்லோருக்கும் பொறுப்பானவர்.