பாறைக்குப் போகும் உடம்பு

கழுகுப்பாறை மடத்தில் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைப்பதும் இல்லை. மேலே பாறையில் கிடத்திவிட்டு வருவார்கள். பாறு கழுகுகள் இறங்கித் தின்னும். மடத்து மாடு செத்தாலும் அதே இடம்தான்.

மடத்தின் குரு அங்கயம்மை. சீடர் பொன்னுரங்கம் அவரைவிட மூத்தவர். மாட்டுத் தரகை விட்டுவிட்டு வந்தவர்.

வந்த அன்றே கேட்டார்.

"புல்லை மாடு தின்னுது. மாட்டைப் புலி தின்னுது. புலியையும் மனுஷன் விடறதில்லை. மனுஷனுக்கு மேல யாரும்மா?"

"கடவுள்னு சொல்லுவேன்னு பார்க்கறீங்களா?" அம்மை சிரித்தார். "நேரம் வரட்டும், சொல்றேன்."

அந்தக் கோடையில் மடத்துக் கிழப்பசுவுக்குக் கால் வீங்கியது. பொன்னுரங்கம் இரக்கப்பட்டு வலி ஊசி போட்டார். மறுநாள் பசு செத்தது. வழக்கப்படி பாறைக்கு இழுத்துப் போனார்கள்.

அதைத் தின்ற கழுகுகள் கழுத்துத் தொங்கிப்போய் மரக்கிளைகளில் உட்கார்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. பசுவின் உடம்பில் தங்கியிருந்த ஊசி மருந்துதான் கொன்றது என்று பிறகு தெரிந்தது. அன்று வேறெங்கோ இரை தேடிப் போயிருந்த ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது.

மழைக்காலத்தில் அம்மைக்கு வயிற்றில் கட்டி. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். பொன்னுரங்கம் தன் முழங்காலுக்கு விழுங்கும் அதே மாத்திரை.

"பசுவுக்குப் போட்ட மருந்துதானே இது?"

"ஆமாம்மா."

"அப்போ வேண்டாம்."

"உங்களை எரிச்சிடறேன். மாத்திரையைப் போடுங்க."

"பொறந்ததுல இருந்து தின்னுக்கிட்டேதான் இருக்கேன். ஒரு தடவையாவது சாப்பாடாகணும். அந்த ஆசையையும் சேர்த்து எரிப்பீங்களா?"

வலி நாளுக்கு நாள் கூடியது. அம்மை துணியைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். பொன்னுரங்கம் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாலை, கஞ்சி குடித்த அம்மை அயர்ந்து தூங்கினார். விடிந்தபோது முகம் தெளிந்திருந்தது. மூச்சுதான் நூலாக இருந்தது.

"பொன்னுரங்கம், நேத்துக் கஞ்சி கசந்துச்சு."

அவர் தலை குனிந்தார்.

"தரகர் புத்தி போகலையே. மாட்டுச் சந்தையில மாதிரி துண்டுக்குள்ள கையை விட்டு, எனக்குத் தெரியாம பேரத்தை முடிச்சிட்டீங்க."

"தாங்க முடியலம்மா."

"எனக்கா, உங்களுக்கா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்குப் பொழுது தாண்டமாட்டேன். மருந்து உடம்பை விட்டுப் போக நேரமில்லை. என்னை எரிச்சிடுங்க."

பொன்னுரங்கம் விசும்பினார். ஜன்னல் வழியே பாறை தெரிந்தது. அந்த ஜோடி மேலே உட்கார்ந்திருந்தது.

"அப்போ அதுங்களுக்குச் சாப்பாடு?"

அம்மை அவர் இடுப்பைப் பார்த்தார். முழங்கால் மாத்திரைகளை வேட்டி மடியில்தான் முடிந்துவைத்திருப்பார்.

"மனுஷனுக்கு மேல யாருன்னு கேட்டீங்களே. அதோ, உட்கார்ந்திருக்கு. இனிமே அதுங்களுக்கு நீங்கதான். மடியில இருக்கறதை அடுப்புல போடுங்க. வெளியே எறிஞ்சிடாதீங்க, கோழி கொத்தும்."

பொன்னுரங்கத்தின் கை மடிமேலேயே இருந்தது.