மாப்பிள்ளை போட்ட மஞ்சள் கோடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

"எவ்வளவு முறுக்கினா போதும், மாப்ள?"

கேட்டவள் கொல்லிமலைப் பாவாயி. புருஷன் அங்கமுத்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, அவருடைய மோட்டார்சைக்கிளில் அவளே பால் கேன் கட்டிக்கொண்டு போகிறாள்.

மாப்பிள்ளை குழந்தைவேலு, கீழே ஊரில் மெக்கானிக்குகளுக்கே வாத்தியார். அவர் வந்தால் மாமியார் கதவோரம் நின்று பேசுகிற வீடு அது. அவளுக்கு அவர் வண்டி வேலை சொல்லிக்கொடுத்த பாடமும் கதவோரம்தான் தொடங்கியது. ஸ்பேனர் பிடிக்க வேண்டி வந்ததும் வாசலுக்கு வந்தது.

கேள்விக்குப் பதிலாக அவர் ஸ்பேனரைக் கொடுத்தார்.

பாவாயி அதை ஒரு போல்ட்டில் மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்தாள். போல்ட் ஒடிந்தது.

ஒடிந்த துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது இறுக்கமா இருக்குதுங்களா, லூசா இருக்குதுங்களா அத்தை?"

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை, அளவு வைத்த ஸ்பேனர் ஒன்றை அவளுக்கென்று கொண்டுவந்தார். போதுமான இறுக்கம் வந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். டிக் கேட்டதும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு நகர்ந்தால் கோடு ஒடியும் என்றார்.

"கோடு நேரா இருந்தா?"

மாப்பிள்ளை பெயிண்ட் டப்பாவை மூடினார்.

ஒரு நாள் பாவாயிக்குக் கொஞ்சம் தலைக்கனம். நான் இறுக்கின நட்டு, மறுபடி பார்க்க வேண்டாம் என்றாள்.

"யார் இறுக்கினதுன்னு நட்டுக்குத் தெரியாதுங்க அத்தை."

அப்புறம் ஆடி விருந்து வந்தது. மகள் திலகாவும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு அவருடைய வண்டியில் மலையேறி வந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் முன்சக்கரத்தில் காற்று இல்லை. மாப்பிள்ளையே சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி மாட்டி, நட்டின் மேல் புதுக் கோடும் இழுத்தார்.

அடுப்படியிலிருந்து பாவாயி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அச்சு உள்ளே போன சத்தம் கேட்டது. நட்டு சுற்றிய சத்தம் கேட்டது. இலை போட்டாச்சு, வாங்க மாப்ளன்னு அங்கமுத்து கூப்பிட்ட சத்தமும் கேட்டது.

டிக் மட்டும் கேட்கவில்லை.

மிக்ஸி இரைச்சலில் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பரிமாறினாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். திலகா குழந்தையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கீழே போகிற வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு.

பாவாயி கதவோரத்திலிருந்து இறங்கி வந்து, வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இறங்குங்க மாப்ள."

அங்கமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளை செய்த வேலையை மாமியார் சோதிக்கிறதா, ஊர் சிரிக்கும், உள்ளே போ என்று கட்டிலிலிருந்தே கத்தினார். இந்த அம்மா மானத்தை வாங்குது என்று திலகாவும் முனகினாள்.

"சிரிக்கட்டும்," என்றாள் பாவாயி. "சிரிக்கிறதைக் கேட்க எம்புள்ள இருக்கணும்."

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. "கோடு நேராத்தானுங்க இருக்குது. நான் மாட்டினது அத்தை."

"அது நட்டுக்குத் தெரியாதுங்களே மாப்ள."

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. இறங்கினார். திலகாவும் இறங்கினாள்.

பாவாயி அளவு ஸ்பேனரை முன்சக்கர நட்டில் மாட்டி அழுத்தினாள். டிக் வரவில்லை. நட்டு சுற்றியது. நேராக இருந்த கோடு ஒடிந்து, பாதி ஒரு பக்கமும் பாதி ஒரு பக்கமுமாகப் போனது. இன்னும் அழுத்தினாள். இன்னும் சுற்றியது.

அங்கமுத்து கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

டிக்.

முந்தானையில் பெட்ரோலைத் தொட்டு, அவர் போட்ட கோட்டைத் துடைத்து எடுத்தாள்.

மாப்பிள்ளை குனிந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். வாத்தியார் சிஷ்யைக்கு நீட்டுகிற மாதிரி இல்லை அது.

"கோடு நீங்க போடுங்க அத்தை."

பாவாயி டப்பாவை வாங்கி மூடினாள். ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள்.

"நான் இறுக்கினதை முதல்ல நீங்க பாருங்க."