வலது கையைக் குடுங்கண்ணே

மழை விட்ட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இன்னும் காயவில்லை. மூலையில் வைத்து உதைத்த பந்து ஈரச் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு பறந்து, கூட்டத்துக்கு நடுவே கோலுக்குள் விழுந்தது. ரெப்ரி கோல் என்று விசிலடித்தார். லைனில் நின்ற அமலி மட்டும் கொடியைத் தூக்கினாள்.

"கையால தட்டுனாரு சார்."

கோலடித்த கிளாட்சன், போட்டி நடத்தும் தலைவரின் மகன். "தலையாலதான் முட்டுனேன். பொம்பளை கையில கொடி குடுத்தா இப்படித்தான். எல்லார் முன்னாலயும் எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும். இல்லைன்னா ஆட்டமே நடக்காது" என்றான்.

ரெப்ரி தலைவரைப் பார்த்தார். பிறகு, "கேட்டுரும்மா" என்றார்.

அமலி கொடியை இடுக்கிக்கொண்டு போய்க் கையை நீட்டினாள். "மன்னிச்சிருங்கண்ணே. கை குடுங்க."

கிளாட்சன் இடது கையை நீட்டினான்.

"ஊரே பாக்குது. வலது கையைக் குடுங்கண்ணே."

வலது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. தலைவர் நாற்காலியில் குனிந்து, காலில் கிடந்த செருப்பையே தேடினார். கோல் இல்லை என்று கைகாட்டிய ரெப்ரி அமலியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளாட்சன் திரும்பி நடந்தான். அவனுடைய கறுப்பு நிக்கரின் பின்பக்கத்தில் ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தன.