பனியில் படுத்திருந்த நாய்

குன்னூரில் நஞ்சுண்டனுக்குப் பழைய படங்கள் விற்கும் கடை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களிலிருந்து போர்க்களப் படங்களை வாங்கி வருவார். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தவை. கண்ணாடியைத் துடைத்து, செல்லரித்த சட்டத்தைச் சரிசெய்து, கூடவே ஒரு கதையையும் சொல்லி விற்றுவிடுவார். விழுந்த சிப்பாயை விட்டுக் குதிரை நகரவில்லை, நாய் பட்டினி கிடந்தே செத்தது என்று ஏதாவது. எஜமானை விட்டு ஓடிப்போன மிருகம் ஒன்றுகூட அவர் கடையில் கிடையாது.

ராணுவத்தில் இருந்த அவருடைய ஒரே மகன் சுகுமாரன், எல்லையில் பனிச்சரிவில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு நஞ்சுண்டனுக்குக் கடையில் கதை சொல்ல வாயே வரவில்லை. ஒருநாள் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு தன் குருவான பூரணி அம்மாவிடம் போனார். அதைச் சுவரில் சாய்த்துவைத்தார். பனியில் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்கிறான். அவன் நெஞ்சில் தலைவைத்து ஒரு நாய் படுத்திருக்கிறது.

“அம்மா, கடைசி நேரத்துல எம் பையன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“தெரியலையே, நஞ்சுண்டா.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் காலில் விழுந்ததற்கு இதுதான் பதிலா, இதைச் சொல்ல ஒரு குரு எதற்கு என்று கத்தித் தீர்த்தார். அவர் ஓய்ந்த பிறகு பூரணி அம்மா, இந்த நாயின் கதை என்ன என்று கேட்டார்.

நஞ்சுண்டன் வழக்கம்போல் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“அதெல்லாம் நானாக் கட்டினதும்மா. வாங்குறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்.”

பிறகு கைகூப்பினார். பெற்ற மனம், வேறு என்ன செய்யும்?

“எனக்கும் ஒண்ணு கட்டிச் சொல்லுங்கம்மா. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல.”

பூரணி அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

“நீ தொழில் தெரிஞ்சவன். எப்படிச் சொன்னாலும் அது கட்டினதுன்னு நாளைக்கே கண்டுபிடிச்சுருவே. அப்போ அந்தப் பனியில ஒருத்தருமே இல்லாமப் போயிரும். தெரியாதுன்னு விட்டா, யாராவது இருந்திருக்கலாம்.”