நண்டு ஓடு கழற்றிய கதை

இதை முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எங்கேயாவது பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில், வயலில் இருக்கிற உயிர்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, நண்டுக்கு ஆயுசுக்கும் ஒரே ஓடுதான். அதனால் எந்த நண்டும் சுண்டைக்காய் அளவுக்கு மேல் வளர்ந்ததில்லை. உடம்பு பெருக்கும், ஓடு பெருக்காது. மூச்சு முட்டிச் செத்துப்போகும். விதி என்று மற்ற நண்டுகள் இரை தேடப் போய்விடும்.

வாய்க்கால் ஓரத்து வளையில் செங்காலி என்றொரு பெண் நண்டு இருந்தாள். இலை அசைந்தாலும் பதறுவாள். ஒருமுறை கொக்கு கொத்தியபோது அலகு ஓட்டில் வழுக்கி, அவள் தப்பித்தாள். அன்றிலிருந்து ஓடுதான் அவளுக்கு உயிர். பாசி படிய விடாமல் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பாள்.

அந்த வருஷம் நடவு முடிந்த சமயம் அவளுக்கும் இறுக்கம் கண்டது. கொடுக்கை வாய்வரை மடக்க முடியவில்லை. எட்டு நாள் பட்டினி. மூச்சு விட்டால் நுரைதான் வந்தது.

பக்கத்துத் தவளை எட்டிப் பார்த்தது.

“என்ன மதினி, வாயெல்லாம் நுரை? உள்ளே சோறு பொங்குதா?”

“கேலி பண்ணாதீங்க கொழுந்தனாரே. ஓடு இறுக்குது. நான் பிழைக்க மாட்டேன்.”

“அப்போ கழட்டிப் போடுங்க.”

“நல்லா இருக்கே! இது இல்லேன்னா நான் யாரு? வெறும் சதை. கொக்குக்குப் பலகாரம்.”

“எனக்கும்தான் நீளமா வால் இருந்துச்சு. அதை விட்ட பிறகுதானே கரையேறினேன்?”

“உங்க வால் எந்தக் கொக்குகிட்ட இருந்து உங்களைக் காப்பாத்துச்சு? இது என்னைக் காப்பாத்தியிருக்கு.”

தவளை வளை வாசலுக்கு நெருங்கி வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: “அன்னிக்குக் காப்பாத்துச்சு மதினி. இன்னிக்குப் பக்கத்துல கொக்கே இல்லை. இப்போ உங்களைக் கொல்றது யாரு?”

செங்காலி வளையை விட்டு வெளியே வந்தாள்.

தண்ணீருக்குள் இறங்கி, கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு, பின்பக்கமாக முக்கினாள். ஓட்டின் ஓரம் விரிந்தது. கால்களை ஒவ்வொன்றாக உருவினாள். கொடுக்குகளை உருவும்போது வலியில் உயிர் போனது. பாதி வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. திரும்ப உள்ளே நுழையப் பார்த்தாள். ஆனால் அதற்குள் தண்ணீர் குடித்து உடம்பு உப்பிவிட்டது. பழைய ஓடு கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் முழுதாக வெளியே வந்தாள். வயிறு நிறைய மூச்சு விட்டாள்.

“வாங்க மதினி, மேலே வந்து வெயில் காயுங்க! எல்லாரும் பார்க்கட்டும்!” என்று தவளை குதித்தது.

“மாட்டேன். தொட்டா அமுங்குறேன், பாருங்க.”

“இன்னுமா பயம்?”

“ஓட்டைத்தான் கழட்ட முடிஞ்சுது கொழுந்தனாரே. பயத்தைக் கழட்ட முடியலே. இருக்கட்டும், இன்னிக்கு அது வேணும்.”

அவள் வளைக்குள் போய், ஈரச் சேற்றை உள்ளிருந்தே தள்ளி வாசலை அடைத்தாள்.

அன்று முதல்தான் நண்டு, வளர வளர ஓட்டைக் கழற்றுகிறது. கழற்றிய கையோடு வளையை அடைத்துக்கொண்டு, புது ஓடு இறுகும்வரை யார் கூப்பிட்டாலும் வெளியே வராமல் இருக்கிறது.