கூரைமேல் அம்பலவாணர்

கொள்ளிடக் கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் யானையையும் பல்லக்கையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு தூண், ஒரு கூடம், பின்னால் ஒரு புன்னை மரம், அவ்வளவுதான். அங்கே தையல்நாயகி என்றொரு அம்மையார் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஊர் அவரை மடத்தம்மா என்றது.

அவரிடம் வந்து உட்காருகிறவர்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். கேள்வி கேட்டால் சில நாள் பதில் சொல்வார். சில நாள் துடைப்பத்தை எடுத்துக் கையில் கொடுப்பார். அதையும் பதில் என்றே எடுத்துக்கொண்டு பெருக்குவார்கள்.

அவர்களில் எல்லாருக்கும் மூத்தவர் அம்பலவாணர். ரைஸ்மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், நல்ல மனிதர். மடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், மனசு மட்டும் சொந்த வீட்டுக் கூரையைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊருக்கெல்லாம் கோடை என்றால் மாம்பழம். அம்பலவாணருக்குக் கோடை என்றால் வேலை. பங்குனி பிறந்ததும் கிணறு தூர் வாருவார். பரண்மேல் இருப்பதை எல்லாம் இறக்கித் தட்டுவார். நிலைக்கும் கதவுக்கும் கரையான் வராமல் எண்ணெய் பூசுவார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். கடைசியில் கூரைக்கு வருவார். நாட்டு ஓட்டு வீடு என்றால் வருஷா வருஷம் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, தூசி தட்டித் திரும்ப அடுக்கித்தான் ஆக வேண்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

போன ஐப்பசியில்தான் வினை ஆரம்பித்தது. நடு அறையில் எங்கோ ஒழுகி, சுவரோரம் கிடந்த நெல் மூட்டை ஒன்று முளைவிட்டுவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி செங்கமலம் முளைத்த நெல்லை மாட்டுக்கு வைத்துவிட்டு மறந்துபோனாள். அம்பலவாணர் மறக்கவில்லை. மகள் வேதவல்லி தலைப்பிரசவம் முடிந்து இங்கேதான் வரப்போகிறாள், குழந்தையும் தாயும் அந்த நடு அறையில்தான் படுக்க வேண்டும். நெல்லுக்கே இந்தக் கதி என்றால் பச்சைப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவர் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.

பங்குனியில் ஓட்டு வேலைக்காரர் பக்கிரி வந்து கூரையைப் பிரித்துப் புதுசுபோல் அடுக்கிக் கொடுத்தார். இறங்கியதும் அம்பலவாணரை நடு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இந்த வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவலையில்லை என்று யாராவது சொன்னால்தான் அம்பலவாணருக்குக் கவலை பிறக்கும். அன்று சாயங்காலமே, மூலையில் ஒரு வரிசை சரியாகப் படிந்திருக்குமா என்று சந்தேகம் வந்தது. ஏணியைச் சாத்தி ஏறினார். மூலை சரியாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது காலடியில் நறுக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஓட்டில் விரிசல்.

நல்ல வேளை, ஏறிப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார். கொல்லையில் அடுக்கியிருந்த பழைய ஓட்டில் ஒன்றைக் கொண்டுபோய் மாற்றினார். மறுநாள் அந்த ஓடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஏறினார். அன்றும் நறுக்கென்றது. நல்ல வேளை என்று அன்றும் நினைத்துக்கொண்டார்.

இப்படியே போயிற்று. காலையில் ஒரு தரம், வெயில் தாழ ஒரு தரம். மேகம் ஒன்று தலைகாட்டினால் அதற்கென்று தனியாக ஒரு தரம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சொத்தை ஓடு அகப்பட்டது. அகப்பட அகப்பட அவருக்குப் பயம் கூடியது. இத்தனை சொத்தை இருக்கிறதே, கண்ணில் படாதது இன்னும் எத்தனையோ என்று சோறு இறங்கவில்லை. செங்கமலம் சொல்லிப் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாள். வருமுன் காக்க வேண்டாமா என்று அவர் கூரை மேலிருந்தே பதில் சொன்னார். கொல்லையில் இருந்த பழைய ஓடும் தீர்ந்துபோயிற்று.

சித்திரை நடுவில் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் வேதவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செங்கமலம் ஓடினாள். அம்பலவாணர் போகவில்லை. கூரையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பிறகு, கூரை சரியாகும்வரை குழந்தையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அப்படியானால் நான் சீர்காழிக்கு, மாமியார் வீட்டுக்கே போய்விடுகிறேன், அப்பா கூரையோடு சௌக்கியமாக இருக்கட்டும் என்று வேதவல்லி பதில் சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்டதும் ஏணியைக்கூட எடுத்து வைக்காமல் மடத்துக்கு வந்தார்.

மடத்தம்மா புன்னை மரத்தடியில் முறத்தில் புளியை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்பலவாணர் நடந்ததெல்லாம் சொன்னார். சொல்லும்போதே இரண்டு தரம் வானத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் பார்த்தாச்சு, இனிமே ஒண்ணும் இல்லைன்னு எப்பம்மா தெரியும்?"

மடத்தம்மா புளியில் ஒரு கொட்டையை எடுத்துப் போட்டார்.

"பேத்தி யார் சாயல் ஐயா?"

"இன்னும் பார்க்கலைம்மா."

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, உச்சி வெயில் நேரத்தில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

சொன்னபடியே தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஏணி கூரையில் சாத்தியபடி இருந்தது. அம்பலவாணர் முதல் படியில் காலை வைத்து, அம்மா பிடித்துக்கொண்டால் மேலே ஏறி எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்றார். மடத்தம்மா தலையசைத்து மறுத்தார். நடு அறைக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினார்.

"படுங்க ஐயா."

"தரையிலயா?"

"பேத்தி படுக்கப்போற இடத்துல."

அம்பலவாணர் தரையில் மல்லாந்து படுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழகக் கூரையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது, பக்கத்தில் இன்னொன்று. பிறகு நிறையத் தெரிந்தன. பங்குனியில் பக்கிரி காட்டியபோது இதில் ஒன்றுகூட இல்லை.

ஐயோ, இவ்வளவா என்று வாய்விட்டே சொன்னார்.

"எங்கிருந்து ஆரம்பிக்குது பாருங்க" என்றார் மடத்தம்மா.

பார்த்தார். வெளிச்சப் பொட்டுகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. வெளியே ஏணி சாத்தியிருந்த இடத்துக்கு நேர் மேலே ஆரம்பித்தன. ஓர் எட்டுக்கு ஒன்றாக, முகட்டை நோக்கி ஏறின. முகட்டை ஒட்டி வடக்கே போய், அந்த மூலைக்குத் திரும்பி, மறுபடி ஏணிக்கே வந்து சேர்ந்தன. அந்த வழியில் எந்த இடத்தில் கால் வழுக்கும், எந்த இடத்தில் குனிய வேண்டும் என்பது அம்பலவாணருக்கு மனப்பாடம். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டாக இருந்தது.

அவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நல்ல வேளை, நல்ல வேளை என்று சொல்லிக்கொண்டதெல்லாம் காதில் கேட்டது.

பிறகு சட்டென்று எழுந்தார். இப்போதே ஏறி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன் என்று வாசலுக்கு ஓடினார். மடத்தம்மா அவருக்கு முன்னால் போய் ஏணியைக் கீழே சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பக்கிரிக்கு ஆள் அனுப்புங்க" என்றார்.

பக்கிரி வந்தார். அறைக்குள் அண்ணாந்து பார்த்தார், பிறகு அம்பலவாணரின் காலைப் பார்த்தார். வயதில் பெரியவர் என்று ஒன்றும் சொல்லவில்லை. மேலே ஏறாமல், உள்ளேயே ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடுக்கில் கையை விட்டு ஓட்டை நகர்த்தினார். நல்ல ஓட்டைக் கொஞ்சம் இழுத்து உடைந்த இடத்தை மூடினார். தாழ்வாரத்திலிருந்து சில ஓட்டை உருவி வந்தும் வைத்தார். ஒவ்வொரு பொட்டாக அணைந்தது. அம்பலவாணர் கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டார்.

கடைசியில் ஒரு பொட்டு நின்றுவிட்டது. உத்தரத்தை ஒட்டினாற்போல் மேலே, தூளி கட்டும் வளையத்துக்கு நேராக இருந்தது. அங்கே கை நுழையவில்லை, மாற்றவும் ஓடு இல்லை. சூளையிலிருந்து புது ஓடு வர ஒரு வாரம் ஆகும், வந்ததும் தானே ஏறிச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டுப் பக்கிரி துண்டை உதறிக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே கருத்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. கோடை மழை சொல்லிக்கொண்டா வருகிறது?

செங்கமலம் கையில் பையோடு கூடத்தில் வந்து நின்றாள். ஃப்ளாஸ்க், துவைத்த பழம்புடவை, ஒரு சின்ன கொசுவலை எல்லாம் பைக்குள் இருந்தன. துணி துவைத்து எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்தவள், சாயங்கால பஸ்ஸில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை நாளாகக் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவள் அன்று நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில அனுப்பிடுவாங்களாம். எந்த ஊரு பஸ் ஏறணும்னு உங்க பொண்ணு கேக்குறா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அம்பலவாணருக்கு இங்கே என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் அந்த ஒரு பொட்டுக்கு யார் பதில் சொல்வது? அவர் மேலே பார்த்தார், வெளியே கருத்துவந்த வானத்தைப் பார்த்தார், பிறகு வாசலில் ஏணிமேல் உட்கார்ந்திருந்த மடத்தம்மாவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அந்த இடத்துல சொட்டினா என்னம்மா பண்றது?"

"தூளியை நகர்த்திக் கட்டுங்க."

"நகர்த்தின இடத்துலயும் சொட்டினா?"

"ஓரமாப் பாயைப் போட்டுப் படுக்க வைங்க."

"அங்கயும் ஒழுகினா?"

மடத்தம்மா ஏணியிலிருந்து எழுந்து புடவைத் தூசியைத் தட்டினார்.

"அப்ப நீங்க மடியில போட்டுக்கிட்டுக் குனிஞ்சு உட்காருங்க ஐயா. உங்க முதுகு நனையும். குழந்தை நனையாது."