ஊமைப்பாருக்கு வழி

"இந்த விக்கியைத் தூக்கி எறிஞ்சிரலாம்னு இருக்கேன் தாயி," என்றார் கஸ்பார் மோத்தா.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார். பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அந்த மென்பொருளை எழுதியவர் அவர்தான்.

வயதில் மோத்தா மூத்தவர். ஆனால் கணினி முன்னால் அவர் மாணவர், உலகம்மை ஆசிரியர். அதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

மோத்தா துறைமுகத்தில் கடல் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கப்பல்காரர்களின் படத்தில் எண்கள்தான் உண்டு. கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டுகளுக்கு, அதாவது பார்களுக்கு, சங்கு குளிப்பவர்கள் வைத்த பெயர்கள் அதில் கிடையாது. அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு பாருக்கு ஒரு பக்கம் என்று விக்கியில் எழுதி வந்தார்.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"என்ன செய்யல? ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தா, கீழ உள்ளதையெல்லாம் முழுங்கிருது. ஆழத்தைக் கடல்காரங்க அளவுல 'ஏழு, எட்டு பாகம்'னு போட்டா, கால்புள்ளியைப் பாத்து ரெண்டா வெட்டுது. எட்டைக் கொண்டுபோய் மீன் பேருக்கான கட்டத்துல வைக்குது. எட்டுன்னு ஒரு மீனா?"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அது என் தப்பு. இன்னைக்கே சரி பண்ணிருதேன்."

"சரி, இது?"

மோத்தா திரையைத் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு எழுத்து.

"பார் பேரை ரெண்டு சதுர அடைப்புக்குள்ள போட்டா இணைப்பு வரும்னு சொன்னீங்க. மத்த பேரெல்லாம் நீலமா வருது. ஊமைப்பார் மட்டும் எப்படி அடிச்சாலும் சிவப்பு. ஒற்று போட்டும் பாத்துட்டேன், போடாமலும் பாத்துட்டேன். எல்லாத்தையும் மொத்தமா அழிக்க ஒரு கட்டளை சொல்லுங்க. நிம்மதியாப் போயிரும்."

உலகம்மை கட்டளை எதுவும் சொல்லவில்லை. சிவப்பு எழுத்தின் மேல் ஒருமுறை தட்டினார்.

வெற்றுப் பக்கம் ஒன்று திறந்தது. மேலே 'ஊமைப்பார்' என்று தலைப்பு. கீழே ஒன்றுமில்லை.

"இந்தப் பக்கத்தை நீங்க எழுதவே இல்ல. அதான் சிவப்பு."

"யாரும் அதைப் பத்திச் சொல்லல. நான் எங்க எழுத?"

பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. 'இங்கே சுட்டும் பக்கங்கள்.' மோத்தா அதை ஒருநாளும் தொட்டதில்லை. உலகம்மை தொட்டார்.

திரை நிரம்பியது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"வாசிங்க அண்ணாச்சி."

மோத்தா வாசித்தார்.

"தொப்பிப்பார். ஊமைப்பாருக்கு வடக்கே, நீரோட்டம் தணியுற இடம்."

"கிளாத்திப்பார். ஊமைப்பாருக்கு மேற்கே. இதுக்கு அங்கிட்டு வலை இறக்குறதில்ல."

"சவேரியார்பார். ஊமைப்பாரை விட்டு விலகிச் சுத்திப் போகணும்."

குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது. ஒரு தாளை இழுத்து, வரைந்து பழகிய கையால் ஒவ்வொரு பாராகக் குறித்தார். வடக்கே ஒன்று. மேற்கே ஒன்று. தெற்கே, கிழக்கே. குறித்து முடித்தபோது ஒரு வளையம் வந்திருந்தது.

நடுவில் வெள்ளைத்தாள்.

"தாயி," என்றார். "எல்லாரும் இதைச் சுத்தி நின்னுதான் பேசியிருக்காங்க."

உலகம்மை வளையத்தின் நடுவில் விரலை வைத்தார். "சொன்னவங்ககிட்டயே கேப்போம் அண்ணாச்சி."

விடிந்ததும் இருவரும் கரைக்குப் போனார்கள். சங்கு குளிக்கும் சந்தியாகு வள்ளத்தில் இருந்தார். பாதிப் பெயர்களைச் சொன்னவர் அவர்தான்.

"சந்தியாகு, ஊமைப்பார்ல என்ன இருக்கு?" என்று கேட்டார் மோத்தா.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"நீதான்."

"நான் சொல்லவே இல்லையே!"

"அதுக்கு வடக்கேன்னு நீ சொன்ன. அதுக்கு மேற்கேன்னு உன் மச்சான் சொன்னாரு."

சந்தியாகு கடலைப் பார்த்தார். பிறகு மோத்தாவையும் உலகம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதைக் கேட்டா யாருக்கும் சொல்றதில்ல," என்றார். "வந்தா காட்டுவோம். ஏறுங்க."

நெடுந்தூரம் போனார்கள். நீரின் நிறம் மாறிய இடத்தில் சந்தியாகு இன்ஜினை நிறுத்தி, துடுப்பை எடுத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் உலகம்மை.

சந்தியாகு உதட்டில் விரலை வைத்தார்.

துடுப்பும் சத்தமில்லாமல்தான் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. சந்தியாகு சங்கு குளிக்கும்போது கண்ணில் மாட்டும் கண்ணாடியை எடுத்து மோத்தாவிடம் கொடுத்தார்.

மோத்தா அதை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினார்.

பார் வளையமாக நின்றது. வளையத்துக்குள்ளே பாறை இல்லை. புல். வெயில் இறங்கி அசையும் பச்சைப் புல்வெளி.

புல்வெளியில் ஓர் ஆவுளியா மேய்ந்துகொண்டிருந்தது.

கறிக்காக வேட்டையாடியே அந்தக் கடல் பசு இந்தப் பக்கம் அற்றுப்போய்விட்டது என்று மோத்தா நம்பியிருந்தார். பல வருடங்களுக்கு முன்னால் ஒன்றைக் கரையில் பார்த்திருக்கிறார், செத்து ஒதுங்கியதை. இது மேய்ந்தது. இதன் விலாவில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி பால் குடித்தது.

அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் வேறொன்று, தன் குட்டியோடு. நீர் நீலமாகி மங்கும் இடம் வரைக்கும் பெரிய சாம்பல் முதுகுகள் அவசரமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

ஒரு தாய் மூச்சுவிட எழுந்தது. மோத்தாவின் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும்போது அவரைப் பார்த்தது. பயமில்லாத சின்னக் கண்.

மோத்தாவுக்கு மூச்சு முட்டிய பிறகுதான் தான் மனிதன் என்பது நினைவுக்கு வந்தது. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மை குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி இருக்கு?"

மோத்தா உதட்டில் விரலை வைத்தார்.

கண்ணாடியைக் கழற்றி உலகம்மையிடம் நீட்டினார்.